மழையில் இடறும் ஃபியட்

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து எங்கள் சந்துக்குள் ஆபிரகாம் சாரின் ஃபியட் திரும்பியபோது, அதை ஒரு டெம்போ கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆபிரகாம் சார் செத்த வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் கையைக் காட்டினேன். அவர் திருப்பிக் காட்டவில்லை.

நான் கணேசபாண்டியன். சந்தில் கேட்டால் பாண்டி மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள். பழைய வண்டி மட்டும்தான் பார்ப்பேன். ஃபியட், அம்பாசடர், எப்போதாவது ஒரு பழைய ஜீப். கம்ப்யூட்டரைச் சொருகினால்தான் வாயைத் திறப்பேன் என்று அடம்பிடிக்கிற புது வண்டிகளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பழைய வண்டியைச் செல்லம் கொஞ்சி வளர்க்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். எல்லாரும் ஆபிரகாம் சார் சொல்லி என்னிடம் வந்தவர்கள். அவர் டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் என் கடைக்கு வண்டி வரும். வேறு மாதிரி சொன்னால் நின்றுபோகும். அவ்வளவுதான் என் பிழைப்பு.

சார் இறங்கிக் குடையை விரித்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சர்ச் முடிஞ்சு மவ லிசா வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தோம் பாண்டி. வாஷி பாலத்துக்கு நடுவுல வச்சு இடற ஆரம்பிச்சுது. குலுக்கு குலுக்குன்னு குலுக்கிட்டு நின்னுட்டு. பின்னால ஒரு ட்ரெய்லர்காரன் ஹாரன் அடிச்சிக்கிட்டே வாரான். அந்த மழைல அவனுக்கு என்ன தெரியும்? ராணி உள்ள இருக்கா. முட்டு ஆபரேஷன் பண்ணின கால வச்சிக்கிட்டு அவளால இறங்கி ஓட முடியுமா? நீரே சொல்லும்."

சாரின் மனைவி சகாயராணி அம்மா ஓட முடியாத காலோடு உள்ளே உட்கார்ந்திருந்த அந்த வண்டியிலிருந்து நான் டெம்போக் கயிற்றை அவிழ்த்தேன்.

"கர்த்தரோட கிருபை, அவன் கடைசி நேரத்துல ஒடிச்சுத் திருப்பிட்டான். லிசா டாக்ஸில வந்து அவளக் கூட்டிட்டுப் போனா." சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மழை தொடங்கினதுலேருந்து எத்தனை தடவை உம்மகிட்ட கொண்டு வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் சரியாயிட்டுன்னுதான் அனுப்பினீரு. வித்துத் தொலைங்கப்பான்னு லிசா சொல்லுதா. கேட்டு ஒருத்தன் வந்துக்கிட்டும் இருக்கான்."

என் மகன் மாரிக்கண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உல்லாஸ்நகரில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான், பெண்டாட்டி ஷாலினி, பிள்ளையோடு அங்கேயே குடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என்னைப் பார்க்க வந்துவிடுவான். வந்து, கடையை மூடிவிட்டு என்னோடு வாருங்கள் என்று ஒரே பாட்டைப் பாடுவான். அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை, முகத்திலேயே அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க சார். அதுக்குள்ள என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சு வைக்கேன். முடியலைன்னா நானே ஷட்டரைப் பூட்டிச் சாவிய இவன் கைல குடுத்துட்டு உல்லாஸ்நகர் போயிருதேன்."

"சார் முன்னால சொல்லியிருக்கீங்கப்பா," என்றான் மாரி. "பிறவு மாத்தப்படாது."

"உங்கப்பன் என்னைக்குல பேச்சு மாத்தியிருக்கான்?"

ஆபிரகாம் சார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

கடையை மூடுவது என்றால் எனக்கு என்னவென்று மாரிக்குத் தெரியாது. முருகம்மாள், என் மனைவி, மாசி மாதம் போய்விட்டாள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டாள். வீட்டில் இருந்த அவள் சேலைகளை அவள் தங்கை முத்துமாரி எடுத்து வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். அது முறைதான், நான் தடுக்கவில்லை. கடையில் மட்டும் அவள் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. ஸ்பானர்களை அவள் அடுக்கியிருந்த வரிசை, அவள் உட்காருகிற பழைய கார் சீட்டு, பிளக்குகளைக் கழுவ அவள் வைத்திருந்த தகர டப்பா. நான் கீழே படுத்துக்கொண்டு கையை நீட்டினால் கேட்காமலேயே சரியான ஸ்பானர் வந்து கையில் விழும். இப்போது கையை நீட்டினால் வெறும் காற்று. நீட்டுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அவள் போன பிறகு நான் தப்புச் செய்ய ஆரம்பித்திருந்தேன் என்பதும் உண்மை. ஒரு அம்பாசடரில் ஆயில் மூடியைப் போடாமலே அனுப்பிவிட்டேன். மாட்டுங்காக்காரர் ஒருவரின் என்ஜின் மேல் ஸ்பானரை வைத்தே பானட்டை மூடினேன். எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். பாண்டிக்கு மனசு சரியில்லை என்று ஆபிரகாம் சார்தான் அவர்களைச் சமாதானம் செய்தார். இப்போது அவருக்கே சமாதானம் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மழை விட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்தேன். தையல் மிஷின் ஓடுவது மாதிரி ஓடியது. வெயிலில் அந்த ஃபியட்டைப் போல ஒரு யோக்கியனைப் பார்க்க முடியாது. சாயங்காலம் லேசாகத் தூறியதும் தன் குணத்தைக் காட்டியது. டப் டப் என்று இரண்டு அடி விட்டு, ஒரு குலுக்கல், மறுபடி டப் டப். ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிற மிஸ்ஸிங்.

நாலு சிலிண்டர் வண்டி அது. மிஸ்ஸிங் அடித்தால், ஓடுகிற என்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போம். நல்ல சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் என்ஜின் தள்ளாடும். கெட்டதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இருக்காது, அதுதான் ஏற்கெனவே வேலை செய்யவில்லையே. கள்ளனை அப்படித்தான் பிடிப்பது. இந்த வண்டியிலோ கள்ளன் ஓர் இடத்தில் நிற்கவில்லை. இப்போது இரண்டாவது சிலிண்டர் என்றால் கொஞ்ச நேரத்தில் நாலாவது. நாலாவதைப் பிடித்தால் மூன்றாவது பல்லைக் காட்டியது.

நான் பார்க்காத இடம் இல்லை. பிளக் மாற்றினேன். கரண்டை விட்டு விட்டு அனுப்புகிற பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன். பிளக் வயர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனால் பழைய ரப்பரைத் தின்கிறது, அதனால் ரப்பர் குழாய்களை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றித் துளை துளையாக ஊதினேன். ஒன்றை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. அது காயில். பேட்டரியின் சின்னக் கரண்டைப் பெரிய கரண்டாக்கிப் பிளக்குக்கு அனுப்புகிற டப்பா அது, தண்ணீர் டம்ளர் அளவு இருக்கும். போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் புதுசாக நானே மாட்டியது. புதுச் சாமானை யார் சந்தேகப்படுவார்கள்.

புதன்கிழமை முத்துமாரி சாப்பாட்டு டப்பா கொண்டு வந்தாள். அக்கா போன பிறகு மத்தியானச் சோறு அவள் வீட்டிலிருந்துதான் வருகிறது. டப்பாவை வைத்துவிட்டு வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தான், நான் ஒண்ணு சொல்லுவேன். கோபப்படப்படாது."

"சொல்லு. வந்தா வந்துட்டுப் போகுது."

"போன ஆயுத பூஜைக்குக் கடையில நின்ன வண்டிக்கெல்லாம் அக்கா பொட்டு வச்சா. இது ஒண்ணுக்குத்தான் வைக்கல. அதான் இப்பிடிப் போட்டுப் படுத்துது."

"பொட்டு வச்சா வண்டி ஓடும்னா எனக்கு இங்கன என்ன வேலை? சந்தனக் கிண்ணத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான."

அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது. கோபப்பட மாட்டேன் என்று நான் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்றாலும், அவளை அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

அவள் சொன்னதில் ஒரு பாதி சரி. ஆயுத பூஜை அன்று முருகம்மாளுக்குப் பிடிபடாத சந்தோஷம். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஜாக்கியிலிருந்து ஸ்பானர் வரை, கடையில் நிற்கிற வண்டிகள் வரை, மோதிர விரலால் வைத்துக்கொண்டே போவாள். முதலில் சந்தனம், நடுவில் குங்குமம். புதுச் சாமான் எதற்கும் பொட்டு வைக்காமல் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று அவளாக ஒரு சட்டம் வேறு வைத்திருந்தாள். அந்த மோதிர விரல் ஒருமுறை ஷட்டரில் நசுங்கியது. அதிலிருந்து அவள் வைக்கிற பொட்டு வட்டமாக வராது, ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். பொட்டு வைக்கவும் தெரியவில்லை என்று நான் கேலி செய்வேன். உங்க டிங்கரிங்கைவிட நல்லாத்தான் இருக்கு என்பாள்.

ஆபிரகாம் சார் முந்தின நாளே தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார். "பாண்டி, தப்பா எடுத்துக்கிடாதேயும். நம்ம வண்டிக்குப் பொட்டு வேண்டாம். எனக்கு ஒண்ணுமில்ல, ராணிக்குத்தான் மனசு கேக்காது." அதில் தப்பாக எடுக்க என்ன இருக்கிறது. நான் முருகம்மாளிடம் சொன்னேன். "அவிய மனசு நோக வைப்பேனா?" என்றாள். மறுநாள் சார் வந்து பானட்டைத் திறந்து பார்த்தார். எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. "முருகம்மா சொன்னா சொன்னதுதான்," என்று அவளிடமே சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் இறந்தபோது சகாயராணி அம்மா அந்தக் காலோடு சந்துக்குள் நடந்து வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

முத்துமாரி போன பிறகு நான் ஃபியட்டைச் சுற்றி வந்தேன். முருகம்மாள் கை படாத வண்டி இந்தக் கடையில் இது ஒன்றுதான் என்று தோன்றியது. தோன்றியதும் என் மேலேயே எரிச்சல் வந்தது. ஸ்பானரைத் தூக்கி மூலையில் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து வந்து அவள் அடுக்கிய இடத்தில் வைத்தேன்.

வியாழன், வெள்ளி, சனி எல்லாம் அப்படியே போயின. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரி வந்தபோது மறுபடி நல்ல மழை. நான் கைகால் விளங்காதவன் மாதிரி அவளுடைய சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"சோடோப்பா, விட்டுருங்க," என்றான். "போதும். ஷாலினி உங்களுக்கு உள்ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கா. சார் வந்தா நானே பேசுதேன்."

அவன் குரலில் ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை. பாவம், அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க எழுந்து நின்றேன்.

ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை, வாரம் முழுக்கத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். கரண்ட் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க ஷட்டரை இறக்கி இருட்டாக்க வேண்டும். என்ஜினை ஓட விட்டு, மேலே தண்ணீரைத் தெளிக்க வேண்டும். கசிகிற இடத்தில் நீலமாக நெருப்பு ஊரும். வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருந்தால்தான் இன்னொருவர் பார்க்க முடியும். இரண்டு ஆள் வேலை. இத்தனை வருஷமும் உள்ளே உட்கார்ந்து மிதித்தவள் முருகம்மாள். இருட்டில் அவள் வளையல் சத்தம் கேட்கும். அவள் இல்லாமல் அந்த ஷட்டரை இறக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்கு மேல் காரணம் எதுவும் கிடையாது.

"ஏல மாரி, வண்டிக்குள்ள ஏறு. நான் சொல்லுறப்ப லேசா மிதி."

புகை போவதற்குப் பின்கதவைத் திறந்து கோணிச் சாக்கைத் தொங்கவிட்டேன். ஷட்டரை இறக்கினேன். கடை இருண்டது. மாரி சாவியைத் திருப்பினான். ஈரக் காற்றில் என்ஜின் இடறி இடறி ஓடியது. நான் கையைத் தண்ணீரில் முக்கி, பானட்டுக்குள் உதறினேன்.

பிளக் வயர்களில் ஒன்றும் இல்லை. கரண்டை நாலு பிளக்குக்கும் பங்கு வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரில் ஒன்றும் இல்லை. "மிதில," என்றேன். மிதித்தான். அப்போது பானட்டுக்குள் பின்பக்கத் தகட்டை ஒட்டி, வாய் கீழே பார்க்க மாட்டியிருக்கிற காயிலின் அடியில் ஒரு நீல இழை ஊர்ந்தது. அணைந்தது. மறுபடி ஊர்ந்தது. தடித்த வயர் நுழைகிற வாயிலிருந்து பக்கத்தில் சின்ன வயரை முடுக்கியிருக்கிற ஆணி வரை ஒரே பாதையில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை அது ஊர்ந்தபோதும் என்ஜின் ஓர் அடி தவறியது. நாலு சிலிண்டருக்கும் கரண்ட் அந்த ஒரே காயிலிலிருந்துதான், அதனால்தான் கள்ளன் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"நிறுத்துல."

ஷட்டரைத் தூக்கிவிட்டு, குச்சியில் கட்டின சின்னக் கண்ணாடியைக் காயிலுக்குக் கீழே நீட்டி டார்ச் அடித்தேன். கண்ணாடியில் மஞ்சளாக ஒரு பொட்டு தெரிந்தது. நடுவில் குங்குமம். ஒரு பக்கம் சப்பை. அதன் குறுக்கே முடி அளவுக்குக் கருகிய ஒரு கோடு.

நான் கண்ணாடியைப் பிடித்தபடியே நின்றேன். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விட அவளால் முடியவில்லை. அவர்கள் மனசு நோகவும் விட முடியவில்லை. அதனால் யார் கண்ணும் போகாத இடமாகப் பார்த்து, விரலை மட்டும் உள்ளே விட்டு வைத்திருக்கிறாள். காய்ந்த சந்தனமும் குங்குமமும் வெயில் காலமெல்லாம் சும்மா இருந்திருக்கின்றன. மழை வந்து காற்று ஈரமானதும் அதன் வழியாகக் கரண்ட் கசிய ஆரம்பித்திருக்கிறது. வயர் மாற்றியபோது நான் அந்த வாயில் கையால் தடவித்தான் மாட்டினேன். என் விரல் அவள் விரல் வைத்த இடத்துக்கு ஒரு நூல் தள்ளிப் போய் வந்திருக்கும்.

காயிலைக் கழற்றினேன். மாரி டீ வாங்கிவருகிறேன் என்று குடையோடு வெளியே போனான். நான் அந்தப் பொட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உற்றுப் பார்த்தால் விரல் ரேகைகூடத் தெரிந்தது.

பார்வைக்கு அதே மாதிரி வேறொரு காயில் அலமாரியில் இருந்தது. பிரித்துப் போட்ட டாக்ஸி ஒன்றிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தேன். அதை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தேன். ஃபியட் அசையவில்லை, ஒழுங்காக ஓடியது.

அடுத்த சிக்கல் இனிமேல்தான். ஆபிரகாம் சாருக்கு ஃபோர்மேன் மூளை. எதை மாற்றினாலும் கழற்றின சாமானைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, டிக்கியில் போட்டுக்கொண்டுதான் போவார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றால் குப்பையைக் கிளறுவார். காயில் போச்சு என்று சொன்னால் காயிலைக் கொடுத்தாக வேண்டும். பொட்டோடு கொடுத்தால், நடுப்பாலத்தில் ட்ரெய்லருக்கு முன்னால் அவர் பெண்டாட்டியை உட்கார வைத்தது முருகம்மாள் என்று ஆகும். சொன்ன சொல்லைக் காற்றில் விட்டவள் என்று ஆகும். பேசி வழக்காடவும் அவள் இல்லை.

துடைத்துவிட்டுக் கொடுக்கலாம். அதுதான் சுலபம். புதுச் சாமானாக இருந்தும் கெட்டுப்போச்சு சார் என்றால் நம்புவார். என் பேரும் நிற்கும், கடையும் நிற்கும். துணியைப் பெட்ரோலில் முக்கினேன். பிழிந்தேன். காயிலை இடது கையில் பிடித்தேன். துணியிலிருந்து ஒரு சொட்டு என் செருப்பில் விழுந்தது.

என்னால் முடியவில்லை. ஆயிரம் தடவை சாமான் துடைத்த கை, அன்றைக்கு நகரவே இல்லை. காயிலைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மாரி டீயோடு வந்த கொஞ்ச நேரத்தில் சாரும் வந்தார். வண்டியைத் தானே ஸ்டார்ட் செய்து, மழையில் சந்து முனை வரை ஓட்டிவிட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பாண்டி, சரியாயிட்டே. என்னத்த மாத்தினீரு? பழைய சாமானை எடும், பாப்போம்."

"எதையும் மாத்தல சார்." "காயிலுக்குப் போற வயரை நான்தான் நல்லா அமுக்கி மாட்டாம விட்டிருக்கேன். ஈரம் இறங்கி இருக்கு. என் தப்புத்தான்."

சாரின் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல் நான் டயரைப் பார்த்தேன்.

"மழை தொடங்கினதுலேருந்தா?"

"ஆமா சார்."

"அத்தனை தடவை கொண்டு வந்தேனே. ஒரு தடவையாவது தொட்டுப் பாக்கலையா?"

கத்துவார் என்று நினைத்தேன். அவரோ பக்கத்தில் வந்து என் தோளில் கையை வைத்தார்.

"உம்மேல கோபம் இல்ல பாண்டி. வருத்தந்தான். முருகம்மா இருந்தவரைக்கும் உம்ம கை தப்பினதே இல்ல. அவ இருந்திருந்தா இது நடந்திருக்காது."

பேன்ட் பைக்குள் காயில் தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. "ஆமா சார்," என்றேன்.

"போய் மவனோட இரும். செஞ்சது போதும். நம்ம ஆளுங்ககிட்ட நான் பதமா சொல்லிக்கிடுதேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். தொண்ணூறடி ரோட்டில் திரும்பி மற்ற வண்டிகளின் இரைச்சலில் கலக்கும்வரை அது ஒரு அடிகூட இடறவில்லை.

மாரி என் முன்னால் வந்து நின்றான்.

"காயிலைக் கழட்டினதை நான் பாத்தேம்லா. வயருன்னு ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

பைக்குள் கையை விட்டு எடுத்து அவனிடம் கொடுத்தேன். வெளிச்சம் இருக்கிற பக்கம் போய்த் திருப்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

"அம்மாவா?"

"ம்."

"வைக்கமாட்டேன்னு சொன்னாளே."

"அவிய மனசு நோக வைக்கமாட்டேன்னுதான் சொன்னா. நோகாத இடமாப் பாத்து வச்சிருக்கா."

"இதத் துடைச்சுக் குடுத்திருந்தா கடை நின்னிருக்கும்லாப்பா."

"துடைச்சிருக்கலாம்," என்றேன். "எங்க துடைக்க விட்டா."

அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. பொட்டு இருந்த பக்கத்தில் விரல் படாமல், காயிலைக் கீழே பிடித்து என்னிடம் நீட்டினான்.

"மூட வேண்டாம்ப்பா. நீங்கதான் கண்டுபிடிச்சிட்டீங்களே. எனக்குத் தெரியுமே. சொன்ன சொல்லக் காப்பாத்தியாச்சு."

வருஷக்கணக்காக மூடு மூடு என்று என் உயிரை வாங்கியவன். அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாக்கை நான் கொடுத்தது ஆபிரகாம் சார் முன்னால். அவர் கணக்கில் நான் தோற்றவன், என் வாயாலேயே அதைச் சொல்லியும் ஆயிற்று. இனி ஷட்டரைத் திறந்து வைத்தால், ஏன் திறந்திருக்கிறது என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். அதற்கு உண்மையைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

காயிலை என் சாப்பாட்டு டப்பாப் பைக்குள், துண்டில் சுற்றி வைத்தேன். அவள் அடுக்கின ஸ்பானர்களைத் தொடவில்லை. விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கி, குனிந்து பூட்டினேன். சாவியை மாரியிடம் நீட்டினேன். மழையில் நனைந்துகொண்டு நின்ற அவன், அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் கையையே நீட்டவில்லை.